வேதத்தில் இல்லாத வரி

டாங் சூயுன் வேதம் வாசிக்கும் வேகத்தில் ஒரு நத்தை ஹாங்காங்கின் கௌலூனிலிருந்து சீனாவிலிருக்கும் காண்டனுக்குப் போய், சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்துவிடும் என்று ஒலிப்பதிவு செய்கிற ஆ விங் கேலி செய்வான். கேலிதான், ஆனால் அதில் பொய் இல்லை. அவள் நாலு சொல் சொல்லுவாள். நிறுத்துவாள். அதே நாலு சொல்லை மறுபடி சொல்லுவாள். ‘காற்புள்ளி’ என்பாள். கடினமான எழுத்து வந்தால், அதை எந்தக் கோட்டில் தொடங்கி எப்படி எழுதுவது என்று விளக்குவாள். பிறகு அடுத்த நாலு சொல். இருபது நிமிட ரேடியோ நிகழ்ச்சியில் பத்து வசனம் முடிந்தால் அது நல்ல நாள்.

இந்த யோசனை ஹாவ் பாதிரியாருடையது. அவருடைய அப்பா அம்மா நார்வேக்காரர்கள், அவர் பிறந்ததோ ஹூனான் மாகாணத்து மிஷன் வீடொன்றில். வெள்ளைத் தோல், நீலக் கண், வாயைத் திறந்தால் ஹூனான் சந்தையில் மிளகாய் விற்கிறவனின் சீனம். அந்தக் காலத்தில் அவருடைய அப்பா ஊர் ஊராக விளக்குப் படம் காட்டியவர். ஜனங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய், அதில் வந்த ஆட்களைத் தேடினார்களாம். மகன் காலத்தில் படமும் காட்ட முடியாது, காகிதமும் கொடுக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் சீனாவில், வேதப் புத்தகங்களைக் கொளுத்தியாயிற்று. தபாலில் அனுப்பினால் புத்தகம் போய்ச் சேராது, ஆள் மூலம் அனுப்பினால் ஆளே வீடு போய்ச் சேரமாட்டான். குரல் ஒன்றுதான் எல்லையில் சோதனை இல்லாமல் போகும். போகிற குரலை மெதுவாக அனுப்பினால், அங்கே இருக்கிறவர்கள் அதை மறுபடி காகிதமாக்கிக்கொள்வார்கள். இதுதான் அவர் கணக்கு.

அந்தக் குரலுக்காக அவர் தேடிப் பிடித்ததுதான் சூயுன். பீக்கிங்கில் பிறந்தவள், பள்ளிக்கூட வாத்தியார் மகள், நாற்பத்தொன்பதில் மிஷன் பள்ளியோடு ஹாங்காங் வந்து சேர்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உச்சரிப்பு என்று வந்துவிட்டால் யாருக்கும் தயவு காட்டமாட்டாள். பாதிரியார் ஜெபம் செய்யும்போதே நடுவில் திருத்தியிருக்கிறாள், ஆண்டவர் காத்திருக்கட்டும் என்று.

ஸ்டூடியோ என்று பெயர், உள்ளது வாத்து வாட்டும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் பழைய பருத்திப் போர்வை. விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசிக்கொண்டு இறங்கும். அந்த இரைச்சலில் சொல் கெட்டுப்போனால், அல்லது அவளே தடுமாறிவிட்டால், மைக்குக்கு முன்னால் ஒரு தரம் கை தட்டிவிட்டு, வசனத்தை முதலிலிருந்து வாசிப்பாள். ஆ விங் காண்டனீஸ்காரன், அவளுடைய பீக்கிங் சீனம் அவனுக்கு அப்போது பாதிகூடப் புரியாது. ஆனால் கை தட்டினால் மீட்டரில் முள் துள்ளும். டேப்பை ஓடவிட்டு, முள் துள்ளுகிற இடத்தைப் பிடித்து, பிளேடால் நறுக்கி ஒட்டிவிடுவான். நாலு மணிக்கு மணிலா விமானம். டேப் அதில் ஏறிவிட்டால், இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒலிபரப்பாகிவிடும், விடிகாலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

தொடங்கியது அறுபதாம் வருடம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஹாங்காங் தபால் பெட்டி எண்ணைச் சொல்லுவாள், அதையும் இரண்டு தடவை. வாரத்துக்கு ஒரு நாள் ஆ விங் போய்ப் பெட்டியைத் திறப்பான். மின்சார பில் இருக்கும். பேனாக் கம்பெனி விளம்பரம் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தபால்தலைகூட வந்ததில்லை.

இப்படியே பத்து வருடம். வேறு யாராக இருந்தாலும் எப்போதோ தையல் கற்றுக்கொள்ளப் போயிருப்பார்கள்.

எழுபதாம் வருடம், சீனப் புத்தாண்டு கழிந்து இரண்டாவது வாரம், பிரஷ் செய்யும் பன்றிமயிர் ஏற்றுமதி செய்கிற ஒருவர் காண்டனுக்குப் போய்விட்டு வந்திருந்தார். மிஷன் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். நல்ல மனிதர், வாயில்தான் பூட்டு இல்லை.

“டாங் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாருக்காக வாசிக்கிறீங்க?” என்றார்.

“கேக்கிறவங்களுக்காக.”

“அதான் கேக்கிறேன், யாரு? சிற்றலை ரேடியோ வச்சிருந்தவன் எல்லாம் அதைத் தூக்கிக் குளத்துல போட்டுட்டான். மாட்டினா பதினஞ்சு வருஷம் உள்ள. ஊர்ல இப்ப காது இருக்கிறவனே செவிடன் மாதிரி நடந்து போறான். வீணா தொண்டையைக் கெடுத்துக்காதீங்க, தாயி. பேரீச்சம்பழம் போட்டுக் கஷாயம் வச்சுக் குடிங்க.”

சூயுன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வாசிக்க வேண்டியிருந்தது வேதத்தில் ராஜாக்கள் பாடியதாக வரும் பாட்டுகளில் ஒன்று, ஒரு மனிதன் ஆண்டவனோடு சண்டை போடுகிற பாட்டு. ஆறு வசனம் வாசித்தாள். ஏழாவதுக்கு வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“யாராவது கேக்கிறீங்களா? பத்து வருஷமா சுவரோட பேசிக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் ஒரு காது இருந்தா, ஒரு தரம் இருமக் கூடாதா?”

பத்து வருடப் பழக்கம், கோபம்கூட அவள் வாயில் நாலு நாலு சொல்லாகத்தான் வந்தது, நடுவில் எழுதிக்கொள்ள நேரம் விட்டு. பிறகு எழுந்து வெளியே போனாள், வெந்நீர் குடித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஏழாவது வசனத்தை வாசித்தாள். கை தட்டவில்லை. ஆ விங் வழக்கம்போல முள்ளைப் பார்த்தான், முள் துள்ளவில்லை, அவள் வெளியே போன வெற்றிடத்தை மட்டும் நறுக்கிவிட்டு டேப்பைப் பெட்டியில் போட்டு விமானத்துக்கு அனுப்பிவிட்டான். அப்புறம் அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வந்தது, பல தடவை. அவன் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது.

எழுபத்தொன்பதில் கதவு கொஞ்சம் திறந்தது. தபால் போகலாம், வரலாம் என்றார்கள். முதல் மாதத்தில் மூன்று கடிதம் வந்தது. ஒருவன் ஆங்கிலப் பாடம் வேண்டும் என்றான், ஒருவன் ரேடியோவுக்கு ஒரு வால்வு வேண்டும் என்றான், மூன்றாமவன் தான் ஒன்றுமே கேட்டதில்லை என்றும் சும்மா முகவரியைச் சோதித்துப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தான். பாதிரியார் மூன்றுக்கும் பதில் போட்டார்.

நாலாவதாக வந்தது ஹெனான் மாகாணத்து ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து. எழுதியவர் கெங் பாவ்தியன், கிழங்கு மாவில் சேமியா பிழிந்து விற்கிறவர். ஆ விங் படி ஏறும்போதே கத்தினான்.

“டீச்சரம்மா! தடியா ஒண்ணு வந்திருக்கு! கரண்ட் பில் இல்ல!”

சூயுன் அதை நின்றபடியே படிக்கத் தொடங்கினாள்.

“மதிப்புக்குரிய டாங் டீச்சர் அவர்களுக்கு. பதின்மூன்று வருடமாக உங்கள் குரல் எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஜலதோஷம் பிடித்த வாரமெல்லாம் எங்களுக்குக் கவலை. நாங்கள் ஏழு வீட்டார் சேர்ந்து ஒரு ரேடியோ வாங்கிக் கோதுமைத் தவிட்டுப் பானையில் வைத்திருந்தோம். விடிவதற்குள் கிழங்கு சேர்த்துவைக்கிற குழியில் இறங்கி, போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்போம். குளிரில் ஒரு கைக்கு வேகம் வராது. அதனால் நீங்கள் சொல்லும் முதல் துண்டை நான் எழுதுவேன், அடுத்த துண்டை லுவோ சித்தி எழுதுவாள், மாற்றி மாற்றி. பிறகு இரண்டையும் சேர்த்துப் படியெடுப்போம். சாயங்காலம் மறுபடி கேட்டுச் சரிபார்ப்போம். அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் படி போனது.”

சூயுன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் கழித்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜலதோஷத்துக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அவள் சந்தோஷத்தில் அந்த வரிகளை மறுபடி படித்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு பக்கம்தான் நீடித்தது.

“இப்போது தெற்கேயிருந்து ஒருவர் அச்சடித்த வேதம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கையெழுத்துப் படியை அதோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். முப்பத்தொரு பிழைகள், எல்லாம் எங்கள் கைப்பிழை. ஆனால் ஒரு பாட்டில், ஆறாம் வசனத்துக்கும் ஏழாம் வசனத்துக்கும் நடுவில் எங்களிடம் இருக்கிற ஒரு வரி அச்சில் இல்லை. ‘யாராவது கேட்கிறீரா? பத்து வருடமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு காது இருந்தால், ஒரு தரம் இருமலாகாதா?’ இந்த வரிதான் எங்களுக்கு முழு வேதத்திலும் நன்றாகப் புரிந்த வரி. எங்கள் ஊர் ஹெ லியன்ஷெங் கட்டாய உழைப்பு முகாமில் இருந்தபோது அவர் மனைவி தினம் இதைச் சொல்லித்தான் அடுப்பு மூட்டுவாள். சாவு வீட்டில் இதைச் சொல்லுவோம். ஜெபத்துக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை, ஒரு தரம் இருமுவார்கள், திறப்போம். எந்த ராஜா பத்து வருடம் சுவரோடு பேசினான் என்று மட்டும் தெரியவில்லை.

“இதனால் சபை இரண்டாகிவிட்டது. லுவோ சித்தியும் பாதிப் பேரும் அச்சுப் புத்தகத்தில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்கிறார்கள். ‘டாங் டீச்சர் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டதில்லை, ஒரு வசனத்தையா இட்டுக்கட்டுவாள்?’ என்று சித்தி கேட்கிறாள். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறாள். இரண்டு மாதமாகத் தனித்தனியாகக் கூடுகிறோம். செங்காவலர் பையன்கள் வீடு புகுந்து சோதித்த காலத்தில்கூட நாங்கள் பிரியவில்லை. நீங்கள் சொன்னால் எல்லாரும் கேட்போம்.”

சூயுன் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆ விங்குக்கு இப்போது அவள் பேசும் சீனம் நன்றாகவே வரும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

“இது எப்ப?” என்றான்.

“எழுபதுல. புத்தாண்டு கழிஞ்சு.”

“நீங்க கை தட்டல.”

“தட்டல.”

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். “விடுங்க. வெட்டுறது என் வேலை. நான் வெட்டல. பழியை எம்மேல போட்டு எழுதுங்க. ஹெனான்காரங்க வந்து என்னை அடிக்கவா போறாங்க?”

ஹாவ் பாதிரியார் கடிதத்தை மூன்று தடவை படித்தார். வேத விஷயத்தில் அவர் கறார். இருந்தாலும் பத்தொன்பது வருடமாக அந்தப் பெண்மணி இரும்புக் கட்டில் போட்ட வாடகை அறையில் வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

“அந்த வரி வேதத்துல இல்லைன்னு கட்டாயம் சொல்லிடணும், சகோதரி. அதுல மாற்றமில்ல. ஆனா யார் சொன்னதுன்னு எதுக்குச் சொல்லணும்? அந்தக் காலத்துல எத்தனை ஸ்டேஷன் குறுக்க குறுக்க விழுந்துச்சு! வேற ஒலி கலந்துடுச்சு போலன்னு எழுதிடலாம்.”

“எங்குரல்லயா வேற ஸ்டேஷன் பேசிச்சு?”

“தெரியாத்தனமா நடந்ததுன்னு...”

“ஐயா, அவங்க வேதம் அச்சுல இருக்கிறதைவிட என் வாயில இருக்குன்னு நம்புறாங்க. அந்த நம்பிக்கையை வச்சே ஒரு பொய் சொல்லச் சொல்றீங்களா?”

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. “உங்களுக்கு அவமானம் வரக் கூடாதுன்னு பார்த்தேன்மா,” என்றார்.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளை அறுத்தது வேறு. அடுப்படியில் அந்தப் பெண் புருஷனுக்காகச் சொன்ன வரி. பிணத்தின் தலைமாட்டில் சொன்ன வரி. அதை எடுத்து, அது எந்த ராஜாவுடைய அழுகையும் இல்லை, கௌலூனில் ஒரு கிழட்டுக் கன்னி சலித்துப்போய்க் கத்தியது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அவள் ஆண்டவனைக் கேட்கவே இல்லை. அவர்களைத்தான் சுவர் என்றாள். அவர்கள் குழிக்குள் ஒடுங்கி, விரல் விறைக்க, அவள் தங்களைத் திட்டியதையும் காற்புள்ளி விடாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொன்னால் அந்த வரி செத்துப்போகும். அவள் மேல் வைத்த நம்பிக்கை போகும், அதோடு பதின்மூன்று வருடம் எழுதியதெல்லாம் சந்தேகமாகிப்போகலாம். சொல்லாவிட்டால் சபை உடையும், ஒரு நல்ல புத்தகம் வாசலிலேயே நிற்கும். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்கு வந்து, “டேப்பை ஓட விடு,” என்றாள்.

“கடிதமா எழுதலாமே,” என்றான் ஆ விங்.

“படி அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் போயிருக்கு. ரேடியோவுல போன தப்பு ரேடியோவுலயே திரும்பணும்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எப்போதும் போல நாலு நாலு சொல்லாக ஆரம்பித்தாள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை.

“அன்பானவர்களே, இன்றைக்கு வேதம் இல்லை. ஒரு திருத்தம். எழுதிக்கொள்ளுங்கள்.” எந்தப் பாட்டு, எந்த இடம் என்று சொன்னாள். அந்த வரியையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. “இந்த வரி வேதத்தில் இல்லை, முற்றுப்புள்ளி. அச்சுப் புத்தகம் சரி, முற்றுப்புள்ளி. இதைச் சொன்னது நான், முற்றுப்புள்ளி. யாரும் கேட்பதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன், முற்றுப்புள்ளி. நான் ஆண்டவரைக் கேட்கவில்லை, காற்புள்ளி, உங்களைக் கேட்டேன், முற்றுப்புள்ளி. சுவர் என்றது உங்களை, முற்றுப்புள்ளி. என்னை மன்னித்து, காற்புள்ளி, அந்த வரியை அடித்துவிடுங்கள், முற்றுப்புள்ளி.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆ விங் முள்ளைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தபால் பெட்டி எண்ணை இரண்டு தடவை சொல்லி முடித்தாள்.

டேப் போய்விட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். மற்ற கடிதங்கள் வந்தன, பத்து, இருபது என்று கூடவும் செய்தன. ஹெனானிலிருந்து ஒன்றும் இல்லை. சூயுன் இப்போது தானே தபால் நிலையத்துக்குப் போனாள். உறைகளைச் சீட்டு மாதிரி விரித்து, முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு ஆ விங்கிடம் கொடுத்துவிடுவாள். இரண்டாம் மாதம் முடிந்தது. கோபமாக ஒரு வரி எழுதியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். இந்த மௌனம் அவளுக்குப் பழைய மௌனம்தான், ஆனால் அப்போது அவர்கள் இருக்கிறார்களா என்று தெரியாது, இப்போது தெரியும்.

“வயல் வேலை இருக்கும்மா,” என்றார் பாதிரியார்.

“மனசு விட்டுப்போயிருக்கும்,” என்றாள் சூயுன். “நான் இருந்தா ரேடியோவைக் கொண்டுபோய்க் குளத்துல போட்டிருப்பேன்.”

அதே வேகத்தில் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். தப்பு நேராத இடத்தில்கூடச் சில சமயம் கை தட்டிவிட்டு மறுபடி வாசித்தாள். ஆ விங் அதையும் வெட்டி ஒட்டினான்.

நாலாவது மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் வந்தது. உறை இல்லை, துணிப்பை. வாயைக் கெட்டி நூலால் தைத்து, மேலே பிசின் பூசியிருந்தார்கள். உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம்: பள்ளி நோட்டுத் தாள், சிகரெட் பெட்டி அட்டையின் பின்புறம், சேமியா கட்டுகிற மஞ்சள் காகிதம். மேலே பாவ்தியனின் கடிதம்.

“மதிப்புக்குரிய டாங் டீச்சர் அவர்களுக்கு. தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் திருத்தத்தை எழுதிக்கொண்டோம். நாலாம் நாள் லுவோ சித்தி அச்சுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தன் வீட்டுக்குள் கொண்டுபோனாள். ‘இவ்வளவு தன் மேலேயே போட்டுக்கொள்கிறவள் மற்றதைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாள்’ என்றாள். இப்போது ஒன்றாகக் கூடுகிறோம்.

“பிறகு வரியை அடிக்கக் கிளம்பினோம். எங்களிடமிருந்து போன படிகள் எழுபத்து மூன்று. அவற்றிலிருந்து எடுத்த படிகள் வேறு. ஊர் ஊராக நடந்து போய், உங்கள் செய்தியைச் சொல்லி, மை தொட்டு அடித்தோம். சிலர் அழுதார்கள். அடித்தாயிற்று.

“ஆனால் போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு. வேதத்தில் இல்லை என்றால் சரி, அப்படியானால் அது நம்மைக் கேட்ட கேள்வி. ஒருத்தி வாசலில் நின்று கூப்பிடுகிறாள், உள்ளே ஆள் இருந்தும் ஒன்பது வருடம் பதில் இல்லை என்றால் அது என்ன வீடு? எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அதனால் அடிக்கப் போன இடத்திலேயே ஆள் ஆளாகக் கேட்டு எழுதி வாங்கினோம். நாலு மாதம் அதனால்தான். கீழே இருப்பது எங்கள் இருமல்.”

சூயுன் முதல் தாளை எடுத்தாள். ஆளுக்கொரு கையெழுத்து.

“கெங் பாவ்தியன். கேட்டேன். குழிக்குள். இருமினேன்.

“லுவோ சித்தி. கேட்டேன். உங்கள் மேல் மூன்று நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. இருமினேன்.

“யூ குயிலான். பார்வை இல்லை, எழுதவும் தெரியாது, கட்டைவிரல் வைக்கிறேன். கேட்டேன். இருமினேன்.

“ஹெ லியன்ஷெங்குக்காக அவர் மனைவி. அவர் முகாமிலிருந்து வந்து எட்டு மாதம்தான் இருந்தார். வீட்டில் கேட்டார். நெஞ்சு நோயாளி, நாள் முழுக்க இருமியவர். அதில் ஒன்றை உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பெயர் வேண்டாம். அப்போது கூட்டுப்பண்ணையில் காவலாள். இவர்களைப் பிடிக்கத்தான் போனேன். குழி வாய்க்கு மேலே பனியில் நின்று, நிகழ்ச்சி முடியும்வரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாளும் போனேன். யாரிடமும் சொன்னதில்லை. கேட்டேன். இருமினேன்.”

அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. சூயுன் அழுதாள். திருத்தமான உச்சரிப்புக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தை மாதிரி, வாயைத் திறந்து அழுதாள். பாதிரியார் படியில் பாதி ஏறியவர் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். ஆ விங் மேஜை மேல் கட்டுகளை அடுக்கினான், ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. அடுக்க அடுக்கப் பையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

“டீச்சரம்மா, இவ்வளவு பேரா?” என்றான். “யாரும் இல்ல, யாரும் இல்லன்னு இத்தனை வருஷம் உயிரை வாங்கினீங்களே.”

அவள் கடைசித் தாளைத் தேடி எடுத்து, அடியில் பாவ்தியன் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

“இது அவங்க ஊர் ஆத்துக்கு இந்தப் பக்கம் மட்டும்தானாம்,” என்றாள். “அந்தப் பக்கம் இன்னும் போகலையாம்.”